பிளெஸ்ஸி காய்ச்சிய கறுப்பு பீர்

எஸ்தர் போனில் 'ஹலோ' சொல்ல மாட்டாள். விஷயத்தின் நடுவில் இருந்துதான் பேச ஆரம்பிப்பாள். போன மாதமும் அப்படித்தான்.

"யக்கா, ஞாயித்துக்கெழம இன்னா வேல உனுக்கு? நம்ம ஊட்டுக்கு வந்துட்டுப் போ. பெங்களூர்லேந்து பொண்ணு வந்துகீறா. வரும்போது ஒண்ணு கொண்டாந்துட்டா. ஊட்ல ஒரே பேஜாரு."

ஒண்ணு?

கல்யாண வயதில் பெண்ணை வைத்திருக்கும் ஓர் அம்மா, கோபத்தில் 'ஒண்ணு கொண்டாந்துட்டா' என்று சொன்னால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நானும் அதைத்தான் நினைத்தேன்.

"வீட்டுக்கே கொண்டு வந்துட்டாளா?"

"ஆமாக்கா. நேத்துலேந்து இங்கதான் கீது. பாத்தாலே பயமாகீது. கன்னங்கரேல்னு."

"நிறத்துல என்ன எஸ்தர் இருக்கு? குணம் நல்லா இருந்தா போதாதா?"

எஸ்தர் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் போனிலேயே கேட்டது.

"யக்கா... நான் பாட்டிலச் சொல்றேன். பீரு பாட்டிலு."

எஸ்தர் யார் என்று சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டியில் ஒரு கெமிக்கல் கம்பெனியின் டைம் ஆபீஸில் நான் வேலை பார்த்தபோது, அவள் அங்கே பேக்கிங் செக்‌ஷனில் இருந்தாள். இரண்டு பேருக்கும் வீடு பொன்னேரி. ஒரே தெரு. காலை ரயிலில் சேர்ந்து போய், மாலை ரயிலில் சேர்ந்து திரும்பிய சிநேகம். பிறகு நான் திருநின்றவூரில் ஃப்ளாட் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவள் அங்கேயே இருக்கிறாள்.

அவள் கணவர் ஜெயசீலன், கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ஆலையில் ஃபர்னஸ் ஆபரேட்டர். ஒரே மகள் பிளெஸ்ஸி. (பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதட்டுமா என்று கேட்டதற்கு பிளெஸ்ஸி போட்ட ஒரே கண்டிஷன் அதுதான்.)

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஜெயசீலன் ஒரு காலத்தில் குடித்தவர். சும்மா ஒப்புக்குக் குடித்தவர் இல்லை. எஸ்தர் கேட்டை உள்ளே இருந்து சங்கிலி போட்டுப் பூட்டிக்கொள்ளும் அளவுக்குக் குடித்தவர். அந்த மாதிரி சாயங்காலங்களில் பிளெஸ்ஸி எங்கள் வீட்டு டைனிங் டேபிளில் உட்கார்ந்து ஹோம்வொர்க் செய்வாள். தெருவில் சத்தம் கேட்டால் பென்சில் நிற்கும். சத்தம் அடங்கினால் மறுபடி எழுதும்.

பிறகு ஒரு நாள் போதையோடு டூட்டிக்குப் போனவர், ஃபர்னஸ் பக்கத்தில் தடுமாறினார். கூட வேலை செய்தவர் சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். வீட்டுக்கு வந்தவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அன்றோடு நிறுத்திவிட்டார். பிளெஸ்ஸி அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டுக்குள் ஒரு பீர் பாட்டில். கொண்டு வந்தது அந்தப் பெண்.

நான் போகாமல் இருப்பேனா?

திருநின்றவூரில் ரயில் பிடித்து சென்ட்ரல் வந்து, கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறி, பொன்னேரியில் இறங்கியபோது நல்ல வெயில். வழி முழுக்க ஒரே யோசனை. பிளெஸ்ஸி மைக்ரோபயாலஜி படித்தவள். பெங்களூரில் ஃபுட் கம்பெனியில், லேபில் வேலை என்றுதான் எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஃபுட் கம்பெனி என்றால் பிஸ்கட் கம்பெனி என்று எஸ்தர் தானாகவே முடிவு செய்துகொண்டிருந்தாள். பொண்ணு லீவுக்கு வரும்போது ஒரு பாக்கெட் பிஸ்கட்கூட எடுத்து வருவதில்லையே என்பது மட்டும்தான் அவளுக்குக் குறை.

அந்தப் பெண்ணுக்கும் பீருக்கும் என்ன சம்பந்தம்?

கிரில் கேட்டருகில் ஜெயசீலன் நின்றிருந்தார். சர்ச்சுக்குப் போட்டுப் போன வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. "வாக்கா" என்றார். அவ்வளவுதான். திரும்பித் தெருவைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

உள்ளே பிரியாணி வாசனை. பிளெஸ்ஸி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். முகம் தூங்காத முகம்.

"எங்கே அது?" என்றேன்.

எஸ்தர் சமையலறையில் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் கையை விட்டு, துண்டில் சுற்றிய ஒன்றை எடுத்தாள். "ஃப்ரிட்ஜ்ல வெக்கச் சொன்னாக்கா இவ. நான் வெக்க மாட்டேன்னுட்டேன். அதுல இட்லி மாவு கீது."

துண்டைப் பிரித்தேன். குட்டையான பாட்டில். கழுத்து வரைக்கும் சிவப்பு மெழுகு ஊற்றி சீல் வைத்திருந்தார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

"இது என்ன பிளெஸ்ஸி?"

"இம்பீரியல் ஸ்டவுட் ஆன்ட்டி. கறுப்பு பீர்லயே ரொம்ப ஸ்ட்ராங்கு. பேரல்ல ஊற வெச்சது." ஒரு மூச்சு விட்டாள். "நான் பண்ணது."

விஷயம் இதுதான். பிளெஸ்ஸி வேலை பார்ப்பது கிராஃப்ட் ப்ரூவரியில். பெரிய கம்பெனிகள் போல லாரி லாரியாகச் செய்யாமல், கொஞ்சமாக, விதவிதமாக பீர் காய்ச்சும் இடம். லேபில் யீஸ்ட் (பீரைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்) வளர்ப்பதற்காகச் சேர்ந்தவள், மெல்ல மெல்லக் காய்ச்சும் பக்கம் வந்துவிட்டாள். இந்தக் கறுப்பு பீர், முதல் முறையாக அவள் பொறுப்பில் விட்டுச் செய்யச் சொன்ன சரக்கு. பொய் ஒன்றும் சொல்லவில்லை. ஃபுட் என்று சொன்னாள், பிஸ்கட் என்று இவர்கள் புரிந்துகொண்டார்கள். அவளும் திருத்தவில்லை.

"இப்ப ஏன் சொன்னே?" என்று கேட்டேன்.

"அடுத்த வாரம் பொண்ணு பாக்க வராங்க ஆன்ட்டி. கும்மிடிப்பூண்டிக்காரங்க. அவங்ககிட்டயும் பிஸ்கட்டுன்னு சொல்லிகீறாங்க. நாளைக்கு மாப்ள கம்பெனி வாசல்ல வந்து நின்னா நான் எந்த பிஸ்கட்டக் காட்றது?"

நியாயம்தானே?

வாசலில் இருந்து ஜெயசீலனின் குரல் வந்தது. திரும்பாமலே பேசினார்.

"உலகத்துல வேற வேலையே இல்லியாக்கா? நான் எத்த உட்டுட்டு ஓடியாந்தனோ, அங்க போய் இவ வேலைக்கு நின்னுகினு கீறா."

பிளெஸ்ஸி பாட்டில் சுற்றியிருந்த துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

"அத்தக் குடிக்கிறவன் ஊட்ல இன்னா நடக்கும்னு இவளுக்குத் தெரியாதா? வேற யாருக்காச்சும் தெரியலன்னா பரவால்ல. இவளுக்குத் தெரியாதா?"

"தெரியும் நைனா." அப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். "தெரிஞ்சதனாலதான் இத்தினி நாளு வாயத் தொறக்கல."

"தெரிஞ்சும் ஏன் போன?"

"எனக்கு யீஸ்ட் புடிக்கும்."

யாருக்காவது இப்படி ஒரு பதில் கிடைத்திருக்குமா? எஸ்தருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாயில் முந்தானையை வைத்து அடக்கிக்கொண்டாள். ஆனால் பிளெஸ்ஸி சிரிக்கவில்லை. "நெசமாத்தான் நைனா. ஒரு சொட்டுல கோடிக் கணக்குல உயிரு. அதுக்குச் சாப்பாடு குடுத்து, சூடு கூடாம கொறையாமப் பாத்துக்கினா, அது பாட்டுக்கு வேல செய்யும். என்ன செய்யப் போவுதுன்னு முழுசா யாருக்கும் தெரியாது. தெனம் காலைல போய்த் தொறந்து பாக்கும்போது... அது எப்டிச் சொல்றது. அந்த வேலய உட்டுட்டு என்னால இருக்க முடியாது."

குக்கர் ஒரு விசில் விட்டது.

எஸ்தர்தான் எழுந்தாள். "ரெண்டு பேரும் பாட்டிலு வந்ததுலேந்து இதே ரெகார்டத்தான் போட்டுக்கினு கீறீங்க. தொற அத்த. இன்னாதான் கீது உள்ளன்னு பாக்கறேன்."

நான் நேராக வாசலுக்குப் போனேன். "ஜெயசீலன், இங்கே திறந்தா உங்களுக்குப் பரவாயில்லையா? இல்லேன்னா நான் எடுத்துட்டுப் போயிடறேன். என் வீட்டுல வெச்சுப் பாக்கறோம்."

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"தொறங்கக்கா. ஸ்டேஷனாண்ட கடை தொறந்து கீது, மார்க்கெட்டாண்ட கடை தொறந்து கீது. எத்தினி எடத்துல கண்ண மூடிக்கினு போறது? நான் இங்கயே நின்னுகினு கீறேன்."

அந்த வீட்டில் கண்ணாடி டம்ளர் என்றால் கிறிஸ்துமஸுக்கு வருகிறவர்களுக்குப் பாயசம் கொடுக்க வைத்திருக்கும் செட்தான். அதில் மூன்றை எஸ்தர் எடுத்து வைத்தாள். பிளெஸ்ஸி மெழுகைக் கத்தியால் சுரண்டி, மூடியை நெம்பினாள். 'ப்ஸ்ஸ்' என்று பெரிய சத்தத்தை எதிர்பார்த்தேன். ஏதோ ஒரு பெருமூச்சு மாதிரி மெல்லிய சத்தம்தான் வந்தது.

ஊற்றும்போது பார்க்க வேண்டுமே! பீர் ஓடும் என்று நினைத்திருந்தேன். இது இறங்கியது... எஞ்சின் ஆயில் மாதிரி, அவசரமே இல்லாமல். மேலே நுரை. வெள்ளை நுரை இல்லை. டிகாஷனை ஆற்றும்போது வருமே, அந்த நிறம்.

"இவ்ளோதானா?" என்றேன். டம்ளரின் அடியில் இரண்டு விரல் அளவுகூட இல்லை.

"இது சாதாரண பீர விட ரெண்டு மடங்கு ஸ்ட்ராங் ஆன்ட்டி. அதுக்கும் மேலயே இருக்கும். மொதல்ல மோந்து பாருங்க. குடிக்காதீங்க."

மோந்தேன். முதலில் காபி. அதில் சந்தேகமே இல்லை. அப்புறம் கருப்பட்டி காய்ச்சும்போது அடியில் கொஞ்சம் பிடித்துக்கொண்டால் வரும் வாசனை. அதற்கும் பின்னால் கேக் வாசனை — வெனிலா. கடைசியாக மரம். மழையில் நனைந்து காய்ந்த மரக்கதவின் வாசனை.

"இதுல காபித்தூள் போட்டியா?"

"இல்ல ஆன்ட்டி."

"கருப்பட்டி? வெனிலா?"

"எதுவுமே போடல." அவள் முகத்தில் அன்றைக்கு முதல் முறையாக ஒரு வெளிச்சம். "பார்லிய காபிக்கொட்டை மாதிரி கருக்க வறுப்பாங்க. அதான் காபி. வெனிலா வந்து பீப்பாயிலேந்து வருது. ஓக் மரம். ஏற்கெனவே விஸ்கி இருந்த பீப்பாய். உள்பக்கத்தத் தீயில கருக்கியிருப்பாங்க. அதுல இத்த ஊத்தி மூடிட்டா, மாசக்கணக்குல அப்டியே கெடக்கும். மரத்துக்குள்ள போவும், வெளிய வரும். நம்ம சும்மா இருக்கணும். அதான் கஷ்டம்."

சரி. இப்போது எனக்குக் கடிதம் எழுத உட்காரப் போகும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஆமாம், குடித்தேன். இந்த வயதில் புதிதாக ஒன்றைத் தெரிந்துகொள்ள எனக்குக் கிடைக்கும் வாய்ப்புகள் குறைவு. யாரையும் குடிக்கச் சொல்லவில்லை. என்ன ஆயிற்று என்று மட்டும் சொல்கிறேன்.

முதல் வாய்... கஷாயம். சுக்கும் மிளகும் இல்லாத, கொஞ்சம் சர்க்கரை போட்ட கஷாயம். முகத்தைச் சுளித்திருப்பேன் போலிருக்கிறது. பிளெஸ்ஸி பதறி, "முழுங்கிட்டு சும்மா இருங்க ஆன்ட்டி, அவசரப்படாதீங்க" என்றாள். சும்மா இருந்தேன். கசப்பு போன இடத்தில் ஓர் இனிப்பு வந்தது. சாக்லேட்டா, பேரீச்சம்பழமா என்று நான் யோசிப்பதற்குள் அது போய், நெஞ்சுக்குள் யாரோ சின்னதாக ஒரு மெழுகுவத்தியைப் பற்றவைத்த மாதிரி சூடு.

இரண்டாவது வாய் குடித்தது ருசிக்காக இல்லை. அந்த இனிப்பு என்ன என்று கண்டுபிடிக்க. மூன்றாவதும் அதற்குத்தான். கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் காது சூடாகிவிட்டது. டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டேன்.

நல்லா இருந்ததா என்று கேட்டால் இன்னும் எனக்குப் பதில் தெரியாது. பாகற்காய் பிடிக்குமா என்று என் கணவரைக் கேட்டால் 'வீட்ல செஞ்சா சாப்பிடுவேன்' என்பார். அந்த மாதிரி ஒரு பதில்தான் என்னிடமும் இருக்கிறது.

எஸ்தர் ஒரு ஸ்பூனை எடுத்துக்கொண்டு வந்தாள். மருந்து ஸ்பூன்.

"அம்மா, நீ வேணாம். கட்டாயமில்ல" என்றாள் பிளெஸ்ஸி.

"ஏன்டி? நீ மொத மொத ரசம் வெச்சப்ப யாரு குடிச்சா? நாந்தான குடிச்சேன்? தண்ணி மாதிரி இருந்துச்சு, குடிச்சேன் இல்ல?"

ஸ்பூனில் ஊற்றிக்கொண்டாள். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். ஜெபம்தான். வாயில் விட்டுக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். வாசலில் நின்றவரும் திரும்பிவிட்டார்.

எஸ்தர் விழுங்கினாள். ஒரு செம்புத் தண்ணீர் குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"கண்றாவியாகீது."

பிளெஸ்ஸியின் முகம் விழுந்துவிட்டது.

"இத்தக் காசு குடுத்து வாங்கறானுங்களா? ஆனா பாருடி... அடி புடிக்கல. பதமா எறக்கிகீற. அது தெரியுது."

பிளெஸ்ஸிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அப்போதுதான் வாசலில் இருந்து அந்தக் கேள்வி வந்தது.

"பாய்லர் கீதா அங்க?"

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம்.

"கீது நைனா. ஸ்டீம் பாய்லர்."

"வால்வெல்லாம் டைமுக்கு செக் பண்றானா?"

"பண்றாங்க."

"ஷூ குடுக்கிறானா? சேஃப்டி ஷூ? ரப்பர் பூட்ஸா?"

"பூட்ஸு, கிளவுஸு, கண்ணாடி எல்லாம் குடுக்கிறாங்க."

"டேங்குக்குள்ள எறங்கச் சொல்வானா?"

"நாங்க யாரும் எறங்க மாட்டோம் நைனா. உள்ள கேஸ் நிக்கும். மூச்சு முட்டிடும். வெளிய இருந்தே கழுவற மாதிரி மிஷின் கீது."

"எறங்காத. எவன் சொன்னாலும் எறங்காத." இரண்டு அடி உள்ளே வந்தார். "ஷிப்டா?"

"ஜெனரல் ஷிப்டுதான். காய்ச்சற அன்னிக்கு மட்டும் லேட்டாவும்."

தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒரு கம்பெனியைப் பற்றி இந்தக் கேள்விகளைக் கேட்க ஆரம்பித்துவிட்டால், அதைக் கம்பெனி என்று ஒப்புக்கொண்டாயிற்று என்று அர்த்தம். ஜெயசீலனுக்கு இப்போது தெரிந்தது சாராயம் இல்லை. பாய்லர், வால்வு, டேங்க். அவர் கண்ணில் இருந்தது கோபம் இல்லை... அடுத்து என்ன என்று தெரிந்துகொள்ளும் ஆசை. ஹாலுக்கே வந்துவிட்டார். பீப்பாயில் ஓட்டை விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். கெட்டுப்போனால் எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"குடிச்சுப் பாத்தாதான் தெரியும்" என்றாள் பிளெஸ்ஸி, பேச்சு வாக்கில்.

அவ்வளவுதான். அவர் நின்றுவிட்டார்.

"டெய்லியும் குடிக்கிறியா?"

அவள் ஏதாவது சமாளிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சமாளித்தால் நன்றாக இருக்குமே என்றுகூட நினைத்தேன்.

"டெய்லி டேஸ்ட் பாக்கணும் நைனா. ஒரு வாய், ரெண்டு வாய். கொஞ்சத்தத் துப்பிடுவேன். எல்லாத்தயும் துப்ப முடியாது. கசப்பு தொண்டையில எறங்கினாத்தான் தெரியும்."

"எனுக்கும் டேஸ்ட் பாக்கறதுலதான் ஆரம்பிச்சுது."

"தெரியும். அதுக்குத்தான் வந்துகீறேன்."

அவர் புரியாமல் பார்த்தார்.

"மாப்ள ஊட்டுக்காரங்களுக்காக மட்டும் நான் இத்தச் சொல்ல வரல நைனா. எனக்கே பயமா கீது. உன் ரத்தம்தான என் ஒடம்புலயும்? வேலய உடச் சொல்லாத. ஆனா என்னப் பாத்துக்கினே இரு. எனக்கு அந்த மாரி ஆவுதுன்னா, என்னைய விட உனக்குத்தான் மொதல்ல தெரியும். அன்னிக்கு நீ 'உடு'ன்னு ஒரு வார்த்தை சொல்லு. ஏன்னு கேக்காம உட்டுடறேன்."

இதை அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. டம்ளரைக் கையில் சுற்றிக்கொண்டே, ஒரு வேலை விஷயம் பேசுவது போலத்தான் சொன்னாள்.

ஜெயசீலன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். 

"நீ பெங்களூர்ல கீற. எனுக்கு எப்டித் தெரியும்?"

"தெனம் போன் பண்றேன்."

"போன்ல..." என்று இழுத்தவர், எஸ்தரைப் பார்த்தார். "தெரியும். கொரல்லயே தெரிஞ்சிடும். தெருமொனையில நான் பேசற கொரல வெச்சே, கேட்டத் தொறக்கலாமா வேணாமான்னு உங்கம்மா முடிவு பண்ணுவா."

எஸ்தர் என்னைப் பார்த்தாள். அது அவருக்குத் தெரியும் என்பதே அவளுக்கு அன்றுவரை தெரியாது.

"சரி, தெனம் பண்ணு" என்றார் ஜெயசீலன். "சாய்ங்காலமாப் பண்ணு. காலைல எல்லாரும் நல்லாத்தான் பேசுவானுங்க."

பிறகு அவர் செய்ததுதான் நாங்கள் யாருமே எதிர்பாராதது. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, மாப்பிள்ளையின் அப்பாவைக் கூப்பிட்டார். எஸ்தர் "யோவ், யோவ்" என்று கையைப் பிடிப்பதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"பிரெய்ஸ் த லார்டு. ஜெயசீலன் பேசறேன். ஒரு விசயம்ங்க... எம் பொண்ணு பிஸ்கட் கம்பெனில கீறான்னு சொன்னேன் இல்ல, அது தப்பு. அவ பீரு கம்பெனில கீறா. ஆமா. பீருதான். செய்யறா... இல்லங்க, விக்கல, செய்யறா. நீங்க தெரிஞ்சுக்கினு வர்றதுதான மருவாத?"

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, 'சரிங்க, சரிங்க' என்று வைத்துவிட்டார். "பேசிட்டுச் சொல்றாங்களாம்" என்றார். "பசிக்குது. சோத்தப் போடு."

பிரியாணி நன்றாக இருந்தது. சாப்பிடும்போது பீரைப் பற்றி யாரும் பேசவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, பாதிக்கும் மேல் மீதியிருந்த பாட்டிலைப் பார்த்து "இத்த இன்னா பண்றது?" என்றார் ஜெயசீலன்.

"ஆன்ட்டி கிளம்பும்போது குடுத்துடறேன்" என்றாள் பிளெஸ்ஸி.

"அக்கா ரயில்ல இத்தத் தூக்கிக்கினு போவணுமா? குடு."

அவள் தயங்கினாள். நானும் தயங்கினேன். கொடுத்தாள். அவர் அதைப் பின்பக்கம் துணி துவைக்கும் இடத்துக்கு எடுத்துப் போனார். நாங்கள் மூன்று பேரும் ஒன்றும் தெரியாதவர்கள் போலப் பின்னாலேயே போனோம்.

கையை நன்றாக நீட்டி, பாட்டிலைத் தன் உடம்புக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஜலதாரையில் ஊற்றினார். அந்தக் காபி வாசனை எழும்பி வந்தது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். கழுத்து நரம்பு தெரிந்தது. முழுவதும் ஊற்றி முடித்த பிறகுதான் மூச்சு விட்டார்.

"உன் வேலையக் கீழ ஊத்தறேன்னு நெனைக்காத பாப்பா" என்றார். "என் ஊட்ல இது இருக்கக் கூடாது. அவ்ளோதான்."

"தெரியும் நைனா."

பக்கெட்டிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றினார். பிறகு பாட்டிலையும் அலசினார். தூக்கி எறிவார் என்று பார்த்தேன். எறியவில்லை. வெயிலில் கவிழ்த்து வைத்தார். அதை ஷோகேஸில் வைக்கலாமா என்று அவர் கேட்டதும், பாஸ்டர் வரும் வீட்டில் அப்படிச் செய்தால் என்ன நடக்கும் என்று எஸ்தர் சொன்னதும் இங்கே எழுதக்கூடியவை அல்ல. இப்போது அதில் மணி பிளான்ட் வளர்கிறதாம்.

அன்று மாலை நான் வீட்டுக்குத் திரும்பியதும் என் கணவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "பொன்னேரியில புதுசா காபிக் கடை வந்திருக்கா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இந்தப் பத்தியை அவர் படிக்கும்போது தெரிந்துகொள்ளட்டும்.

இதையெல்லாம் அப்போதே எழுதாததற்குக் காரணம், முடிவு தெரியாததுதான். அந்தக் கும்மிடிப்பூண்டிக்காரர்கள் வரவில்லை. 'ஜெபத்துல வெச்சுப் பார்த்தோம், ஆண்டவர் வேற வழி காட்டறார்' என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கேட்டும் ஒரு சங்கிலியும் இருந்திருக்கலாம், யாருக்குத் தெரியும்? எஸ்தர் மட்டும் சில நாட்கள் போனில் அழுதாள். "உண்மைய சொல்றது தப்பாக்கா?" என்று கேட்டாள். தப்பில்லை என்றேன். 

பிளெஸ்ஸி தினமும் சாயங்காலம் போன் செய்கிறாள். ஜெயசீலன் ஸ்பீக்கரில் போடுவதில்லையாம். காதோடு ஒட்டி வைத்து, அவள் பேசுவதை விட அவள் பேசும் விதத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாராம். நடுவில், "இன்னிக்கு ப்ரஷர் எவ்ளோ வெச்சீங்க?" என்று கேட்பாராம்.

போன ஞாயிறு இன்னொரு குடும்பம் வந்தது. திருவள்ளூர் பக்கம். பையன் ஒரு தனியார் ஸ்கூலில் சயின்ஸ் டீச்சர். எஸ்தர் டீயை நீட்டும்போதே பையனின் அம்மா, "பொண்ணு எங்க வேலை?" என்று ஆரம்பித்தாராம். எஸ்தர் வாயைத் திறப்பதற்குள் ஜெயசீலன் பதில் சொல்லிவிட்டார்.

"பீரு கம்பெனில. பீரு செய்யறா. நான் குடிச்சுக் கெட்டவன், இப்ப உட்டுட்டேன். அவ நல்லா செய்யறா. வேற எதுனா கேக்கணும்னா கேளுங்க."

ஹாலில் டீ ஆறிக்கொண்டிருந்ததாம்.

அப்புறம் அந்தப் பையன் பிளெஸ்ஸியைப் பார்த்து மெதுவாகக் கேட்டானாம்: "யீஸ்ட்ட நீங்களே வளப்பீங்களா? அது எப்படி?"

பையன் வீட்டிலிருந்து பதில் இன்னும் வரவில்லை. இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்... எனக்கு அந்தப் பையனைப் பிடித்துவிட்டது!